போலகத்தில் நின்ற நாற்பத்தேழு கார்கள்

அத்தியாயம் 5

மாடிப்படியில் ஒருவர் வழி கேட்டுக்கொண்டிருந்தார். மாறன் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"கண் ஆஸ்பத்திரிதானே? இதோ கிட்டதாங்க. இறங்கி வலது பக்கம் திரும்புங்க. முதல் கட்டடம். வாசல்ல வேப்பமரம் நிக்கும். போய் நின்னாலே தெரியும்."

வந்தவர் கும்பிடு போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். மாறன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. போன வருடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஹெல்மெட்டைப் பறிகொடுத்ததிலிருந்து அவன் அதை எங்கேயும் கழற்றுவதில்லை. கோயிலில் மட்டும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வான்.

"அங்க கண் ஆஸ்பத்திரி இருக்கா மாறா?" என்று கேட்டார் அந்தோணிமேரி.

"தெரியாதுக்கா."

"வேப்பமரம்?"

"எங்கயாவது ஒண்ணு இருக்கத்தானே செய்யும்? பாவம், கண்ணு சரியாத் தெரியாத மனுசன் கேக்குறாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

காரைக்காலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தோணிமேரி துப்பறியும் நிலையம். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் அவர் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே இருப்பது கல்யாணமா கோர்ட்டா என்று சொல்வார். மாறன் அவருடைய உதவியாளன். முப்பத்து நான்கு வயது. பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, அக்காவை யோசிக்க விடாமல் பேசுவது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மாடிப்படியில் ஏறி வந்த இளம்பெண், மேசை மேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். கடிதங்கள் கொட்டின.

"என் பேரு வெண்மதி. நெடுவழி சார்ஜிங் கம்பெனில இடத் தேர்வு அதிகாரி. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இதுல எது உண்மை எது பொய்னு எனக்குத் தெரியணும் மேடம். இல்லன்னா என் வேலை போயிடும்."

"உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."

வெண்மதி சொன்னாள். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மின்சாரக் கார் ஒன்று முழுச் சார்ஜோடு கிளம்பி, ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றி, கூரை மேல் மூட்டையும் கட்டினால், சரியாகக் காரைக்கால் மாவட்டத்துக்குள் வரும்போது அதற்கு மூச்சு வாங்கும். அதனால் இந்த மாவட்டத்துக்கு ஒரே ஒரு அதிவேகச் சார்ஜர் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. அரை மணி நேரத்தில் காரைத் தட்டி எழுப்பி அனுப்பிவிடும். அதை எங்கே வைப்பது என்பதுதான் வெண்மதியின் வேலை.

"நான் கணக்குப் போட்டு டவுன் பைபாஸ்னு எழுதி வெச்சிருந்தேன். கொம்யூன் பஞ்சாயத்துப் போர்டுல, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்னு ஒரு நோட்டீசும் ஒட்டினோம். யாரும் சொல்லலை. அப்புறம் ரெண்டு மாசத்துல நாப்பத்தாறு லெட்டர். எல்லாம் வெளியூர்க்காரங்க. எல்லாரோட காரும் போலகத்துலதான் நின்னு போச்சாம். எல்லாருக்கும் போலகத்துலதான் சார்ஜர் வேணுமாம். மேலாளர், மக்கள் குரல், அங்கயே வைங்கறார்."

"வெச்சிடுங்க," என்றான் மாறன். "மக்கள் குரல்ல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வெண்மதி அவனுடைய ஹெல்மெட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். "போன வருசம் வேற ஒரு ஊர்ல நான் வெச்ச ஸ்டேஷனுக்கு இதுவரைக்கும் ஒரு கார் வரலைங்க. கூரை நல்ல நிழலா இருக்குன்னு ஆடுங்க மட்டும் வருது. இன்னொண்ணு தப்பாச்சுன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. நாப்பத்தேழாவது காரும் அதே இடத்துல நிக்குதுன்னா, அது தேவையா, இல்ல யாராவது செய்யற வேலையா?"

"நாப்பத்தாறுன்னு சொன்னியேம்மா?"

"லெட்டர் நாப்பத்தாறுதான் மேடம். ஆனா மூலையில நம்பர் போட்டிருக்கு. ரெண்டுல ஆரம்பிச்சு நாப்பத்தேழுல முடியுது. ஒண்ணைக் காணோம்."

அந்தோணிமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதங்களை எண் வரிசைப்படி அடுக்கினார். பிறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். தாளின் இடப்பக்கம், இரண்டு விரற்கடை அகலத்தில், ஒரு மடிப்பு. அடுத்த தாளிலும் அதே மடிப்பு. நாற்பத்தாறிலும்.

"ஸ்கேல் இல்லாத பள்ளிக்கூடத்துல படிச்ச கை. மடிச்சுதான் மார்ஜின் போடும். ஐதராபாத், பெங்களூரு, மதுரைன்னு நாப்பத்தாறு அனுப்புநர். எழுதினது ஒரே ஆள். படி மாறா."

மாறன் மூன்றாம் எண் கடிதத்தை எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தான்.

"அனுப்புநர்: நாகபூஷணம், மென்பொருள் மேலாளர், ஐதராபாத். பெறுநர்: உயர்திரு தலைமை... இங்க ‘ஆசிரியர்'னு எழுதி அடிச்சிருக்குக்கா... உயர்திரு தலைமை சார்ஜர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா, என் காருக்கு இன்று காலை முதல் சார்ஜ் இல்லாத காரணத்தால் என்னால் வேளாங்கண்ணிக்கு வர இயலவில்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் போலகத்தில் இருந்தேன். காலை எட்டு மணிக்குச் சோறும் நண்டு ரசமும் உண்டேன். நன்றாக இருந்தது. ஆகவே தாங்கள் போலகத்தில் பெரிய சார்ஜர் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் ஒரு வரி அடிச்சிருக்கு. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன், நாகபூஷணம்."

படித்த தாளை மறுபுறம் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான்.

"மென்பொருள் மேலாளர்," என்றான் மாறன். "வயசு எப்படியும் நாப்பத்தஞ்சு. இன்னும் கீழ்ப்படியறாரு பாருங்க."

"எல்லாமே இப்படித்தான் முடியுது. எல்லாத்துலயும் நண்டு ரசம் வருது," என்றாள் வெண்மதி. "முப்பத்தோராவது லெட்டர்ல, ‘நான் சைவம், நண்டை எடுத்துவிட்டு ரசம் கொடுத்தார்கள்'னு இருக்கு."

மாறன் மேசையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுதுக்கா. போலகத்துல ஒருத்தன் நண்டு ரசக் கடை வெச்சிருக்கான். சார்ஜர் அவன் வாசலுக்கு வந்தா, தினம் நூறு பேர் அரை மணி நேரம் சும்மா உக்காருவான். ரசம் குடிக்காம என்ன செய்வான்? அவனே உக்காந்து எழுதிப் போட்டிருக்கான். ஊரையும் பேரையும் டெலிபோன் டைரக்டரியில புடிச்சிருப்பான்."

"அடிச்ச வரியில என்ன இருக்கு?"

வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. ‘ஆகையால் எனக்கு இரண்டு நாள் விடுப்பு தந்து உதவுமாறு' என்று எழுதி, குறுக்கே ஒரே கோடு. நாற்பத்தைந்து கடிதங்களில் அந்த வரி அப்படி அடிக்கப்பட்டிருந்தது. கடைசிக் கடிதத்தில், அதாவது நாற்பத்தேழாம் எண்ணில், அது அடிக்கப்படவில்லை. கூடவே ‘வெள்ளி, சனி' என்று கிழமையும் இருந்தது.

"அசதில மறந்துட்டான்," என்றான் மாறன்.

"இருக்கலாம்," என்றார் அந்தோணிமேரி. சொல்லிவிட்டு, கடிதத்தில் இருந்த ஐதராபாத் எண்ணுக்குப் போன் போட்டு, மூவருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார்.

நாகபூஷணம் என்று ஒருவர் உண்மையிலேயே எடுத்தார்.

"லெட்டரா? ஆமா, நான்தான் சைன் போட்டேன். என்ன எழுதினாங்கன்னு தெரியாது மேடம், எனக்குத் தமிழ் படிக்க வராது. ஒரு பெரியவர் குடுத்தார், போட்டேன். மேடம், நீங்க அந்த ஊரா? அந்தம்மாகிட்ட நண்டு ரசம் எப்படி வைக்கிறதுன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

போனை வைத்ததும் வெண்மதி எழுந்துவிட்டாள். கையெழுத்து உண்மை. ஆள் உண்மை. கார் நின்றதும் உண்மை. அப்படியானால் மாவட்டத்தின் இருபது கிலோமீட்டர் சாலையில் வேறெங்கும் நிற்காமல் நாற்பத்தேழு கார்கள் எப்படி ஒரே இடத்தில் போய் நின்றன?

"கெளம்புங்க," என்றார் அந்தோணிமேரி. "உன் காருல போவோம். உன்னுது மின்சாரக் கார்தானே?"

"ஆமா மேடம். ஆனா ஒன்பது பர்சென்ட்தான் இருக்கு. நேத்து தங்கின லாட்ஜ்ல பிளக் இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

முதலில் பைபாஸ். கம்பெனி நட்ட பெரிய போர்டு ஒன்று அங்கே நின்றது. ‘இங்கே அமையக்கூடும்: அதிவேக மின்சாரக் கார் சார்ஜிங் நிலையம்.' அந்தப் போர்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். அந்தோணிமேரி கண்ணாடியை இறக்கி, வெளியூர்க்காரரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, காருக்குச் சார்ஜ் போடற இடம் எங்கங்க இருக்கு?"

"இதோ கிட்டதாங்க. நேராப் போங்க, போலகம். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

வெண்மதியால் தாங்க முடியவில்லை. "உங்க முதுகுக்குப் பின்னாலயே போர்டு இருக்குங்களே."

இளநீர்க்காரர் திரும்பி, போர்டை மேலும் கீழும் பார்த்தார். "இது வரப்போறதுங்க. போலகத்துல இருக்கிறது இருக்குதுங்க."

அடுத்து திருமலைராயன்பட்டினம். மன்சூர் அலியின் செல்போன் ரீசார்ஜ் கடை.

"வாங்க, வாங்க. சார்ஜா? போனுன்னா இங்க. காருன்னா போலகம். திரும்பினதும் முதல் வூடு, மருதையன் வூடுன்னு கேளுங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா பாய்?"

"நான் எங்க பாத்தேன்? எங்க ராத்தா மவன் பாத்தாப்புல. வாசல்ல கார் நிக்குது, ஒயர் போவுதுன்னு வந்து சொன்னாப்புல. அன்னிலேருந்து யார் கேட்டாலும் அனுப்பி வைக்கிறேன். இன்ஷா அல்லாஹ், நீங்க போறதுக்குள்ள முந்தின காரு கெளம்பியிருக்கும்."

சாலை மறுபடி ஓடத் தொடங்கியது. வழியில் மூடிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரி ஒன்றைத் தாண்டும்போது, "மெதுவா போம்மா," என்று அந்தோணிமேரி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். போலகத்துக்குத் திரும்பியதும் கார் ஒரு பெருமூச்சு விட்டது. திரையில் பூஜ்யம் வந்தது. நின்றுவிட்டது.

"சார்ஜர் வைக்கிற ஆபீசர் வண்டியே சார்ஜ் இல்லாம நிக்குது," என்றான் மாறன். "இதையும் சேர்த்து ஒரு லெட்டர் எழுதிடுங்க. கீழ்ப்படிந்துள்ள மாணவின்னு மாத்திக்குங்க."

"இறங்கித் தள்ளு," என்றார் அந்தோணிமேரி.

அவன் ஹெல்மெட்டோடு தள்ளினான். அதிகம் தள்ளத் தேவை இருக்கவில்லை. முதல் வீட்டின் வாசலில் வேப்பமரம் நின்றது. அதன் அடியில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பானைத் தண்ணீர், குழந்தைகளுக்கென்று ஒரு பல்லாங்குழிப் பலகை. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு தடித்த ஒயர் வெளியே வந்து, மரத்தின் ஆணியில் வளையமாகத் தொங்கியது.

அறுபது வயதிருக்கும் மனிதர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார். யார், எங்கிருந்து என்று எதுவும் கேட்கவில்லை.

"பின்பக்கமாத் திருப்பி நிறுத்துங்க. ஒயர் எட்டாது. எத்தனை பேரு, மூணா? சாப்பிட்டாச்சா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏங்க, நாப்பத்தெட்டா?"

"நாப்பத்தெட்டுதான் அமுதம். மூணு பேரு."

மாறன் அக்காவின் காதருகே குனிந்தான். "கடைக்காரன் மாட்டினான். மெனு கார்டு கேளுங்க."

அந்தோணிமேரி அவனைக் கவனிக்காமல் நேரே சமையலறை ஜன்னலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். சுவரில் ஒரே ஒரு பெரிய பிளக். அதில் கார் ஒயர் ஏறியிருந்தது. அதன் கீழே ஒரு கிரைண்டர், தன் ஒயரைத் தரையில் விட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தது.

"இது கடை இல்ல மாறா," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"காலைல எட்டு மணிக்கு எந்தக் கடையிலடா சோறு போடுவான்? இட்லி போடுவான். நாகபூஷணத்துக்குக் காலைல எட்டு மணிக்குச் சோறு. நாப்பத்தாறு லெட்டர்ல ஒண்ணுலகூட இட்லி இல்ல, தோசை இல்ல. இந்த வீட்டுல ரெண்டு மாசமா மாவு அரைக்க முடியலை. எந்த நேரத்துல எவன் கார் வந்து நிக்குமோன்னு கிரைண்டர் பிளக்கைக் காருக்கே விட்டு வெச்சிருக்காங்க. இது வீடு. இவங்க விருந்து போடறாங்க."

"கடையா?" அமுதம் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, கையில் கரண்டி. "சோறு விக்கிற வூடுன்னு யாரு சொன்னது? வாசல்ல குழந்தை குட்டியோட மூணு மணி நேரம் ஒக்காந்திருக்கறவங்களுக்குப் பச்சத்தண்ணியக் குடுத்து அனுப்ப முடியுமா?"

உட்கார வைத்து இலை போட்டார்கள். சோறு, நண்டு ரசம். வெண்மதி முதல் வாய் சாப்பிட்டதும் ஒரு கணம் ஆறு மணியை மறந்தாள். அடுத்த கணம் நினைத்துக்கொண்டு கடிதக் கட்டை எடுத்து மருதையன் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

மருதையன் கொஞ்சமும் தயங்கவில்லை. "நான்தாம்மா. கையெழுத்து மட்டும் அவங்கவங்க போட்டது. பொய்க் கையெழுத்து ஒண்ணும் கிடையாது."

"எதுக்கு ‘கீழ்ப்படிந்துள்ள மாணவன்'?"

"நான் எட்டாவது வரைக்கும்தான். எங்களுக்குச் சொல்லிக் குடுத்த லெட்டரே ஒண்ணுதான், லீவு லெட்டர். எதுக்கும் அதைத்தான் எழுதுவேன். பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டும் அதான் எழுதினேன். மண்டபம் குடுத்தாங்களே!"

அந்தோணிமேரி நாற்பத்தேழாம் கடிதத்தைத் தனியே எடுத்தார். "எல்லாத்துலயும் கடைசி வரிய அடிச்சீங்க. இதுல ஏன் அடிக்கலை?"

மருதையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அமுதம்தான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை திருப்பூர்ல எங்க பொண்ணு தமிழ்மொழிக்கு வளைகாப்புங்க. முதல் வளையல் நான் போடணும். எப்படிங்க போறது? பூட்டிட்டுப் போனா, ஊரே சொல்லுதேன்னு நம்பி வர்றவங்க வாசல்ல நிப்பாங்க. ரெண்டு மாசத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நாகூர் வரைக்கும்கூடப் போகலை. பொண்ணு போன்ல அழுவுது. நான் இங்க ரசம் வெச்சுக்கிட்டிருக்கேன்."

வெண்மதி சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். இடத்தைப் பிடிப்பதற்காக யாரோ சதி செய்கிறார்கள் என்று அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இங்கே இரண்டு பேர், சார்ஜரைக் கொண்டுவந்து வைத்துத் தங்களை விடுவிக்கும்படி நாற்பத்தாறு முறை விண்ணப்பித்திருக்கிறார்கள்.

"மேடம்," என்றாள். "இவங்க நல்லவங்க. ஆனா என் கேள்விக்குப் பதில் வரலையே? நாப்பத்தேழு காரும் ஏன் இங்க வந்துச்சு?"

"இங்க சார்ஜ் போடலாம்னு ஊரெல்லாம் சொல்றதால வந்துச்சு."

"ஊர் ஏன் சொல்லுது?"

"இங்க கார் வந்து நிக்கிறதால சொல்லுது."

"அப்ப முதல் கார் ஏன் வந்துச்சு?"

அந்தோணிமேரி மருதையனைப் பார்த்தார். "ஒண்ணாம் நம்பர் லெட்டர் எங்கங்க?"

"அதுல தலைமை ஆசிரியரை அடிக்க மறந்துட்டேம்மா. தப்பா இருக்குன்னு அனுப்பாம விட்டுட்டேன்." அவர் உள்ளே போய், காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த தாளை எடுத்து வந்தார். "முதல்ல வந்தவர் கோயமுத்தூர்க்காரர். ஆகஸ்டுல ஒரு ஞாயித்துக்கிழமை. இறங்கினதும், ‘சார்ஜிங் ஸ்டேஷன் இதுதானே?'ன்னார். இல்லைன்னு சொன்னேன். உக்காந்து அழுவுற மாதிரி ஆயிட்டார். அப்புறம்தான் கிரைண்டர் பிளக்கைக் காட்டினேன்."

"படி மாறா," என்றார் அந்தோணிமேரி.

மாறன் வாயில் நண்டுக் காலோடு தாளை வாங்கிப் படிக்க ஆரம்பித்தான்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் காருக்குச் சார்ஜ் குறைந்த காரணத்தால், காரைக்கால் கடற்கரையில் நின்றுகொண்டு வழி விசாரித்தபோது, தலைக்கவசத்தைக் கழற்றாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்த அன்பர் ஒருவர்..."

நிறுத்திவிட்டான்.

"மேல படி."

"...அன்பர் ஒருவர், ‘இதோ கிட்டதாங்க. போலகம் திரும்பினதும் முதல் வீடு. வாசல்ல வேப்பமரம் நிக்கும். போய் நின்னாலே தெரியும்' என்று அன்புடன் வழிகாட்டியதன் பேரில்..."

எல்லோருடைய கண்ணும் முதலில் ஹெல்மெட்டுக்குப் போயிற்று. பிறகு வேப்பமரத்துக்குப் போயிற்று. பிறகு ஹெல்மெட்டுக்குத் திரும்பி வந்தது.

"பாவம்க்கா," என்றான் மாறன், சன்னமான குரலில். "பின்னால குழந்தை தூங்கிக்கிட்டிருந்துச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. இங்க நெசமாவே ஒரு வேப்பமரம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கோயிலுக்கு வெளியே அவன் அதைக் கழற்றி அந்தோணிமேரி பார்த்தது அன்றுதான். நெற்றியைச் சுற்றி வளையமாகத் தழும்பு இருந்தது.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். அமுதம் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்று அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்கதானா தம்பி அது?" என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க."

திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மணி மூன்று. வெண்மதி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "இவரோட ஒரு பொய்யால வந்த கூட்டம் மேடம் இது. இதை நம்பி நான் எப்படிப் போலகம்னு எழுதுறது? என் கணக்குப்படி பைபாஸ்தான் சரி."

"உன் கணக்கு என்ன சொல்லுது? சார்ஜர் இந்த இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. அதுல எந்த இடம்னு உன் கணக்குக்குத் தெரியாது. சரியா?"

"சரி."

"பைபாஸ்ல வைக்கிறேன்னு வெச்சுக்கோ. பெங்களூர்க்காரன் ஒருத்தன் வர்றான். டவர் இல்ல, மேப் சுத்துது. கண்ணாடிய இறக்கி ஒருத்தரைக் கேக்குறான். உன் போர்டுல சாஞ்சுக்கிட்டு நின்ன இளநீர்க்காரரே எங்க அனுப்பினாரு?"

வெண்மதி மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

"மேப்பை நாளைக்கே திருத்திடலாம். பூவத்துலேருந்து வாஞ்சூர் வரைக்கும், மாவட்டம் முழுக்க இருக்கிற வாய்களை யார் திருத்துறது? இந்த மாவட்டத்துல சார்ஜிங் ஸ்டேஷன் ஏற்கெனவே போலகத்துல வெச்சாச்சும்மா. மெஷின் மட்டும்தான் இன்னும் வரலை."

"ஃபாஸ்ட் சார்ஜருக்குக் கிரைண்டர் பிளக் போதாது மேடம். பெரிய லைன் வேணும். டிரான்ஸ்ஃபார்மர் வேணும். கார் திரும்ப இடம் வேணும்."

"வர்ற வழியில மெதுவா போகச் சொன்னேனே, எதுக்கு? மூடிக்கிடக்கிற அந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் இரட்டைக் கம்பத்துல உக்காந்திருக்கு. மீன் லாரி திரும்பின வாசல். உன் கார் திரும்பாதா?"

வெண்மதி எழுந்து ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. நானூறு மீட்டர். அரை மணி நேரம் கழித்து வியர்வையோடு திரும்பி வந்தபோது அவள் போனில் பதினாறு படங்கள் இருந்தன. மின்துறையில் கேட்டுவிட்டாள், லைன் உயிரோடுதான் இருக்கிறது. ஃபேக்டரிக்காரர் யாராவது கேட்பார்களா என்று மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். ஐந்து ஐம்பதுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. ‘இடத் தேர்வுக்கான காரணம்' என்ற கட்டத்தில் அவள் நெடுநேரம் யோசித்து, ‘பயணிகளுக்கு வழி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

ஆறு பத்துக்குச் சென்னை மேலாளரிடமிருந்து போன் வந்தது. வெண்மதி தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஒத்துக்கிட்டார். அடுத்தது எங்க வைக்கலாம்னு கேக்குறார்."

"எவ்வளவு நாளும்மா ஆகும், மெஷின் வர?" என்று கேட்டார் மருதையன்.

"நாலு மாசம் ஐயா."

"வெள்ளிக்கிழமை நாளன்னிக்கு," என்றார் அமுதம்.

அந்தோணிமேரி நாற்பத்தேழாம் கடிதத்தை மடியில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே தன் பேனாவால் எழுதினார். ‘இரண்டு நாள் போதாது. ஒரு வாரம் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. பதில் ஆள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.' வெண்மதியிடம் நீட்டினார். வெண்மதி கையெழுத்துப் போட்டு, அடியில் ‘தலைமை சார்ஜர்' என்று எழுதினாள். மருதையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பதில் ஆள் யாருக்கா?" என்று கேட்டான் மாறன். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"முதல் வாரம் இவங்க ஊருக்குப் போறாங்க, நீ தனியா இருக்கே. அப்புறம் நாலு மாசம் சனி, ஞாயிறு இவங்களுக்கு லீவு, உனக்கு வேலை."

"எனக்குச் சமைக்க வராதுக்கா."

"வழி சொல்ல வந்துச்சே?"

வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் மருதையனும் அமுதமும் கிளம்பினார்கள். அமுதத்தின் மடியில் வளையல் பெட்டி இருந்தது. பஸ் மறையும் வரைக்கும் அவர் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போனார்: புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, நண்டை எப்போது போடுவது.

ஏழேமுக்காலுக்கு ஒரு கர்நாடக வண்டி, சத்தமே இல்லாமல், வேப்பமரத்துக்கு முன்னால் உருண்டு வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே ஐந்து பேர்.

"சார், சார்ஜிங் ஸ்டேஷன் எங்கே?"

பழக்கத்தில் மாறனின் கை வலது பக்கம் நீண்டுவிட்டது. வாய் ‘இதோ' என்று ஆரம்பித்துவிட்டது. வாசலில் வெறும் சாலை. கேட்க யாரும் இல்லை. அவன் நினைத்திருந்தால் நாகூருக்கு அனுப்பியிருக்கலாம்.

கையை இறக்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அங்கே இருந்த ஒயரை எடுத்தான்.

"இங்கதாங்க," என்றான். "பின்பக்கமாத் திருப்பி நிறுத்துங்க, ஒயர் எட்டாது. அஞ்சு பேரா? சாப்பிட்டாச்சா?"

மணி எட்டு அடித்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.